மலை இடப்பக்கம் வந்த நாள்

பாஸ்கர், நலமா என்று கேட்காமலே தொடங்குகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய்; அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. போன வாரம் போனில் நீ கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கப்போகிற சொந்தக்காரர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டுமல்லவா. "அம்மா, அப்பாவோட தலைதிவசத்துக்கு நினைவு மலர் ஒண்ணு அடிக்கிறோம். கலர்ல, வழவழ பேப்பர்ல. நீ ரெண்டு பக்கம் எழுதிக் குடு. நான் அப்பாவைக் கடைசியா கார்ல கிரிவலம் கூட்டிட்டுப் போனேன் இல்ல, அதைப் பத்தி எழுது. நீதான் நல்லா எழுதுவியே" என்றாய். பிறகு, ஏதோ மறந்துபோன சாமானை நினைத்துக்கொண்டவன் மாதிரி, "திவசம் முடிஞ்சதும் அதே கார்ல நீயும் கிளம்பிடு, இனிமே அங்க தனியா எதுக்கு" என்றாய். இரண்டு பக்கத்துக்குள் எனக்கு அடங்கவில்லை. நீ கேட்ட இரண்டுக்கும் சேர்த்து இதுதான் பதில்.

நன்றாக எழுதுவேன் என்று நீ சொன்னது உண்மைதான். போளூரில் படித்தபோது கட்டுரைப் போட்டி என்றால் எனக்குத்தான் முதல் பரிசு. பத்தாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள்; படிக்கிற பழக்கத்தை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. மளிகை கட்டி வந்த காகிதம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு, குக்கரோடு கொடுத்த புத்தகம் என்று எழுத்து இருக்கிற எதையும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். தலை நரைத்த பிறகும் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்தான். எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வேன். யாராவது கேட்டால் ஒப்பிப்பேன். நீ கேட்டாய், ஒப்பிக்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் நீ அந்தப் புது வண்டியோடு வந்தாய். வேங்கிக்காலில் நம் தெருவுக்குள் அது நுழைந்தபோது எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ அவர்களுக்கெல்லாம் வண்டியின் உள்ளே இருந்த திரையைக் காட்டினாய். பாட்டு, குளிர்காற்று, போக வேண்டிய வழி, எல்லாம் அந்த ஒரு திரைக்குள் அடக்கம் என்றாய். உன் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்து பக்கத்தில் வைத்தோம். "பாருங்கப்பா, நாம எங்க நிக்கிறோம்னு மேல சாட்டிலைட்லேர்ந்து பாத்துச் சொல்லுது" என்றாய். அவர் திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் தேடினார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு மெதுவாகத்தான் வரும். "மேலேர்ந்து பாக்குதுன்ற. மலையே காணோமே?" என்றார். உண்மைதான், மலை இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய பச்சையாக ஒரு வெற்றிடம்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அதுக்கு ரோடுதாம்பா முக்கியம்" என்றாய்.

வண்டியின் முன்பெட்டிக்குள் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதை நீ பிரித்தே பார்க்கவில்லை, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூட கிழிக்கப்படவில்லை. நான் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ இங்கே இருந்த இரண்டு நாளும் படித்தேன். "பரீட்சை எப்போ?" என்று உன் அப்பா கட்டிலில் இருந்தபடி கேலி செய்தார். எனக்கு அதில் அவ்வளவு ஆசை. ஸ்டியரிங்கிலேயே பாட்டின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் வைத்திருக்கிறார்கள்; ஓட்டுகிறவர் சாலையிலிருந்து கண்ணையும் கையையும் எடுக்கக் கூடாதாம், அதற்காக. குளிரை ஓட்டுகிறவர் பக்கம் ஒரு அளவிலும் பக்கத்து இருக்கைக்கு வேறொரு அளவிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கவும் ஒரு பொத்தான் உண்டு. பின்னால் உட்காருகிறவர்களின் காலுக்குக் காற்று வர, முன் இருக்கைகளுக்கு அடியில் துவாரம் விட்டிருக்கிறார்கள். ஓட்டுகிறவரின் கதவில் உள்ள ஒரு பூட்டுப் பொத்தானை அழுத்தினால் பின் ஜன்னல்கள் அசையாது. சிறு குழந்தைகள் விளையாட்டாகத் திறந்துவிடாமல் இருப்பதற்காக என்று போட்டிருந்தது. திரையில் ஒரு வீட்டின் படம் இருக்கும், அதைத் தொட்டால் நம் சொந்த வீட்டுக்கு வழி சொல்லத் தொடங்கிவிடும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்றும் ஓரத்தில் காட்டும். படித்ததையெல்லாம் நான் உன்னிடம் ஓடி ஓடி வந்து சொன்னேன். "இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றாய். உனக்குத் தெரியும் என்பதை நானும் இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

உன் அப்பா விழுவதற்கு முன்னால் ஒரு பௌர்ணமி தவறியதில்லை, மலையைச் சுற்றாமல் இருந்ததில்லை. வலது கையும் வலது காலும் போன பிறகு எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். ஆபீசில் கூட வேலை செய்தவர்கள், "வாங்கண்ணே, ஆட்டோ வெச்சிக் கூட்டிட்டுப் போறோம்" என்று வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். "வேணாம்பா, எம்புள்ள வருவான்" என்று அனுப்பிவிடுவார். நீ இரண்டு தீபாவளிக்கு வரவில்லை. வந்த போதெல்லாம் நேரமில்லை. அந்தச் சித்திரையில் நீயாகவே, "அப்பா, ஞாயித்துக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டுட்டு அப்படியே உங்களையும் மலையைச் சுத்தி அழைச்சிட்டுப் போறேன்" என்றபோது அந்த மனிதர் முகத்தைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய், நீ போனில் யாருடனோ பேசிக்கொண்டே சொன்னாய். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார், வெள்ளை வேட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், செருப்பை வேண்டாம் என்று உதறிவிட்டார். "கார்லதானே போறோம், எதுக்குப்பா வெறுங்கால்?" என்றாய். "கிரிவலம்பா" என்றார் அவர். அதற்கு மேல் அவருக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை.

ராஜகோபுரத்துக்கு முன்னால் பூஜை போட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வந்தவரிடம், "பாத்து வைங்க, அடியில சென்சார் இருக்கு" என்றாய். "சாமிக்கு சென்சார் தெரியாதுங்க சார், பழம் தெரியும்" என்று சொல்லி அவர் வைத்தார். அங்கேதான் அந்தப் போட்டோவை எடுத்தாய். மலை வலது பக்கம் வரும் என்பதால் அப்பாவை உனக்குப் பின்னால் இருந்த வலது இருக்கையில் உட்கார வைத்திருந்தோம். கண்ணாடியை இறக்கி, அவர் இடது கையை ஜன்னல் மேல் வைத்து, இழுத்த வாயோடு சிரிக்கிறார். நல்ல படம். அதை நீ பெரிதாக்கி உன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாய், கீழே ‘அப்பாவின் கடைசி கிரிவலம்’ என்று எழுதி. மலரின் அட்டையிலும் அதுதான் வரப்போகிறது என்றாய். அந்தப் படத்துக்குப் பிறகு நடந்தது எதற்கும் படம் இல்லை. அதனால்தான் என்னை எழுதச் சொன்னாய் போலிருக்கிறது.

கிளம்புவதற்கு முன் திரையில் அந்த வீட்டுப் படத்தைத் தொட்டாய். நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன், பார்த்தேன். புத்தகத்தைப் படித்த ஈரம் காயவில்லை, அதனால் உடனே புரிந்துவிட்டது. அது நம் வேங்கிக்கால் வீடு இல்லை, சென்னையில் உன் வீடு. மலையைச் சுற்றக் கிளம்புகிறவன் சென்னைக்கு வழி கேட்டாய். கேட்டுவிட்டுச் செங்கம் ரோட்டில் மேற்கே திரும்பினாய். அந்த இயந்திரத்தில் பேசுகிற பெண் என்ன செய்வாள், பாவம், கேட்டதற்குத்தான் பதில் சொல்வாள். "மேக் எ யூ டர்ன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "இன்னா சொல்றா?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார். "திரும்பிப் போகச் சொல்றாப்பா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தாய். ஓரத்தில் இருந்த மணியை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். மலையைச் சுற்றி நாம் போகப் போக, நீ வீடு சேரும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. நீயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். வலது பக்கம் மலை இருந்தது. ஒரு முறைகூட அந்தப் பக்கம் உன் தலை திரும்பவில்லை.

அப்பா ஜன்னலை இறக்கினார். வலது கை மடியில் கிடந்தது, இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, கஷ்டப்பட்டுப் பொத்தானைத் தேடி அழுத்தினார். வெயில் காற்று உள்ளே வந்தது. "அப்பா, ஏசி ஓடுது" என்று உன் பக்கமிருந்தே ஏற்றிவிட்டாய். "மலையைப் பாக்கணும்பா" என்றார். "கண்ணாடி வழியா தெரியுதே." கறுப்பு ஒட்டிய கண்ணாடி. வழியில் இருக்கிற எட்டு லிங்கங்களில் ஒன்றின் கோயில் வந்தது, அவர் மறுபடி கையை நீட்டி இறக்கிக் கும்பிட்டார், கும்பிட்டது என்றால் ஒரு கையைத் தூக்கினார். நீ ஏற்றிவிட்டு, உன் கதவிலிருந்த பூட்டுப் பொத்தானை அழுத்தினாய். சின்னச் சத்தம்தான் வந்தது. அதற்கப்புறம் அவர் அழுத்திக்கொண்டிருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். நிதானமாக, இதில் ஏதோ தன் விரல்தான் தப்புச் செய்கிறது என்று நினைத்தவர் மாதிரி, விரலை மாற்றி மாற்றி அழுத்தினார். குழந்தைகளுக்கு என்று புத்தகத்தில் போட்டிருந்தது என்று சொன்னேன் அல்லவா. நீ அதைப் படிக்காமலே சரியாகப் பயன்படுத்தினாய்.

பிறகு குளிர். அவருடைய வெறும் காலுக்கு நேரே, உன் இருக்கைக்கு அடியிலிருந்து காற்று வந்தது. கால்விரல்களை மடக்கி, ஒரு காலின் மேல் இன்னொன்றை ஏற்ற முயன்றார். வலது காலை அவரால் தூக்க முடியவில்லை, இடது காலை அதன் மேல் போட்டு அதைப் போர்த்தினார். "அப்பாவுக்குக் குளிருதுடா, கொஞ்சம் கம்மி பண்ணு" என்றேன். "ஆட்டோல இருக்கும்மா, தானா அட்ஜஸ்ட் ஆகும், கை வெச்சா கெட்டுடும்" என்றாய். கெட்டுவிடாது. நான் படித்திருந்தேன். என் பக்கத்துக் குமிழைத் திருப்பி என் பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினேன், பின்னால் அதில் பாதியாவது போகும் என்று. நீ பார்க்காமலே கையை நீட்டி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குகிற பொத்தானை அழுத்தினாய். என் அளவு மறைந்து உன் அளவு வந்தது. அந்த நேரத்தில் போன் வந்தது. சிநேகிதன் யாரோ. "ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்டா, வண்டியை நீயே ஓட்டிப் பாரு" என்றாய். இருவருமே சிரித்தீர்கள். பின்னால் அவர் குளிரில் சுருண்டு, கண்ணை மூடிவிட்டார்.

அடி அண்ணாமலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து நின்றது. பாதி வைக்கோல் சரிந்து கிடந்தது. தலைப்பாகை கட்டிய ஒருவர் ஓடி வந்து உன் கண்ணாடியைத் தட்டி இறக்க வைத்தார். "தோ, கொஞ்ச நேரம் சார். அள்ளிப் போட்டுட்டா வழி வந்துடும். வயசானவங்க வேற கீறாங்க, நெழல்ல வுட்டுக்கோ சார்" என்றார். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டாய். "மேக் எ யூ டர்ன்" என்றாள் திரைக்குள் இருந்தவள். அவளுடைய படத்தில் அந்தப் பாதையே இல்லை; வெளிறிய பச்சைக்கு நடுவே நம் வண்டி ஒரு அம்புக்குறியாக நின்றுகொண்டிருந்தது. "திரும்பிடலாம். அப்பா தூங்கிட்டாரு, அவருக்குத் தெரியப்போவுதா" என்றாய்.

"டேய், சுத்தறதுல பாதியில திரும்பக் கூடாதுடா" என்றேன். இதையும் எழுதுகிறேன், நான் சொன்னது அவ்வளவுதான். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். உன் வலது கட்டைவிரல் ஸ்டியரிங்கில் மெல்ல நகர்ந்தது. பாட்டின் சத்தம் ஏறியது. நான் குரலை உயர்த்தினேன். கட்டைவிரல் மறுபடி நகர்ந்தது. சாலையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை, புத்தகத்தில் சொன்னது சொன்னபடி. நான் அடங்கிவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருக்கலாம், ரோட்டில் நின்று கத்தியிருக்கலாம். பெற்ற பிள்ளை ஒரு விரலால் தன் தாயை நிறுத்துவான் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. படிக்காத பாடத்தில் கேள்வி வந்தால் எனக்கு எப்போதுமே இப்படித்தான், பேனா ஓடாது.

உனக்கு அந்த இடம் புதிதில்லை, பாஸ்கர். மாவட்டம் பிரிந்து, அப்பாவுக்கு வேலூரிலிருந்து இங்கே மாற்றலாகி நாம் வந்த வருஷம், உனக்குப் பதினைந்து வயது. முதல் முறையாக நம்மோடு மலை சுற்ற வந்தாய். அடி அண்ணாமலைக் கோயில் தாண்டியதும் பாதம் கொப்பளித்துவிட்டது என்று டீக்கடைக் கட்டையில் உட்கார்ந்துகொண்டாய். "என்னால முடியாது, திரும்பிப் போயிடலாம்" என்று அழுதாய். உன் அப்பா உன்னைத் திட்டவில்லை, தூக்கி வருகிறேன் என்றும் சொல்லவில்லை. உனக்குச் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் கோப்பில் குறிப்பு எழுதுகிற குரலில் சொன்னார்: "திரும்பினாலும் நடக்கணும், முன்னால போனாலும் நடக்கணும். பின்னால போறது ஜாஸ்தி, முன்னால கம்மி. எது வேணும்னு நீயே சொல்லு." நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கம்மி" என்றாய். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் எத்தனையோ வருஷம் நீ எதற்காவது அடம் பிடித்தால், "கம்மி" என்று அவர் சொல்ல, நீ சிரித்துவிடுவாய். ஆகவே அந்த இடத்தில் எந்தப் பக்கம் போனால் சீக்கிரம் முடியும் என்பது உனக்குத் தெரியும். திரையில் இல்லாவிட்டால் என்ன, உன் பாதத்துக்குத் தெரியும். வைக்கோலை அள்ளுகிற நேரம் பொறுத்திருந்தால் முன்னால் போயிருக்கலாம், நீ சொன்ன மணிக்கு வீட்டுக்கும் போயிருக்கலாம். நீ கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். உன் சிநேகிதனுக்காக அப்பாவின் சுற்றை விட்டாய், அதிலும் தூரமான வழியைத் தேர்ந்தெடுத்தாய்.

செங்கம் ரோட்டில் ஏறி ஊரை நோக்கி வரும்போது அவர் கண் விழித்தார். தன் ஜன்னலைப் பார்த்தார். காம்பவுண்டுச் சுவர்களும் கடைகளும் ஓடிக்கொண்டிருந்தன. "மலை எங்க?" என்றார். பாட்டுச் சத்தத்தில் முதல் தடவை உனக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை சத்தத்தைக் குறைத்தாய். "முடிஞ்சிடுச்சுப்பா. சுத்தி வந்துட்டோம். டவுனுக்குள்ள வந்தாச்சு" என்றாய். முகத்தைத் திருப்பாமல், உள்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாய். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். என் பக்கத்து ஜன்னலில், இடது கைப் பக்கம், மலை முழுசாக நின்றது. முப்பது வருஷம் வலது தோளுக்குப் பக்கத்தில் அந்த மலையை வைத்துக்கொண்டு நடந்தவர். அது இடது பக்கம் வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண் என் கண்ணைப் பார்த்தது. பிறகு உன் பின்தலையைப் பார்த்தது. "சரிப்பா. சந்தோஷம்" என்றார். நீ பாட்டை மறுபடி ஏற்றினாய்.

நீ எங்களை இறக்கிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கையாட்டிவிட்டுப் போனாய். அந்தச் சாயங்காலம் அவர் காலை என் மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. "மலை அந்தாண்ட வந்துது பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். "எங்க திருப்பினான்?" சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இழுத்த வாயில் எச்சில் ஒழுகச் சிரித்தார். "அங்கயா? முன்னாலதானே கம்மி" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு, "நீ அவனைக் கேக்காதே. ஆசையாதான் வந்தான்" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆபீஸ்காரர்கள் அடுத்த பௌர்ணமிக்கு வந்து கூப்பிட்டபோது, "எம்புள்ள கூட்டிட்டுப் போய்ட்டு வந்துட்டான்பா, போதும்" என்றார். உன் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் கடைசிச் சுற்றையும் வேண்டாம் என்றார். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார்.

அவர் கேட்காதே என்றார், நான் கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்காது, வேண்டுமானால் தேடிப் பார். சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் பத்தாம் நாள் காரியத்தில் பந்தலுக்குக் கீழே நீ உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னாய். "கடைசியா முழு மலையும் சுத்திக் காட்டினேன், அப்பா சந்தோஷம்னு சொன்னாரு." உன் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துல எந்தப் புள்ள செய்யும்" என்றார். நான் மோர் டம்ளர்களை வைத்துக்கொண்டு உன் எதிரில்தான் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். ‘ஆமாம் என்று சொல்லேன்’ என்பது மாதிரி பார்த்தாய். அப்போது எனக்குப் புரிந்தது, அன்றைக்கு நடந்ததை நீயே மறந்துவிட்டாய். நீ சொல்லச் சொல்ல அந்தப் பாதி மலை உனக்கு முழு மலையாகிவிட்டது. அவர் சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாய், அவர் அதை எதற்காகச் சொன்னார் என்பதைக் காரின் பின் இருக்கையிலேயே விட்டுவிட்டாய்.

இன்னொன்று. சுடுகாட்டில் நீ தோளில் குடத்தோடு அப்பாவைச் சுற்றி வந்ததைச் சித்தப்பா வீட்டுக்கு வந்து சொன்னார், பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை என்பதால். முறை தெரிந்த பிள்ளை, சரியாக இடமாகச் சுற்றினான் என்று மெச்சினார். சாமியை வலமாகச் சுற்றுவோம், பிணத்தை இடமாகச் சுற்றுவோம், இது நம்மில் யாருக்கும் தெரிந்ததுதான். அந்த இடச்சுற்றை நீ சித்திரையிலேயே, அவர் உயிரோடு பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே தொடங்கிவிட்டாய் என்று நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இதை மலரில் போடுவதானால் முழுசாகப் போடு. ஒரு வரி வெட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும், நான் கடைசி வரி வரை படிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். போட முடியாதென்றால் அட்டைப் படத்துக்குக் கீழே இருக்கிற எழுத்தை எடுத்துவிட்டு, வெறும் பெயரும் தேதியும் போடு. அவர் முகம் நன்றாக இருக்கிறது, அதற்கு உன் எழுத்து வேண்டாம். ஹாலில் மாட்டியதையும் அப்படியே. இரண்டில் எதைச் செய்வது என்று நீயே சொல்லு, நான் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்று ஜாஸ்தி, ஒன்று கம்மி.

நீ என்னை அழைத்துப் போக வருவதைப் பற்றி. நான் பெட்டி எதுவும் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன். ஆனால் நீ வா. வந்தால் அடி அண்ணாமலையில் நீ வண்டியைத் திருப்பிய இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் உனக்குப் பின்னால், வலது பக்கம், அவர் இடத்தில் உட்காருகிறேன், செருப்பில்லாமல். நீ ஒன்றையும் மாற்ற வேண்டாம். கண்ணாடியைப் பூட்டு. குளிரை அன்றைக்கு வைத்த அளவில் வை, காலுக்கும் விடு. பாட்டை எவ்வளவு வேண்டுமோ ஏற்று, நான் குரலை உயர்த்த மாட்டேன். திரையில் அந்த வீட்டுப் படத்தையும் தொடு, திரும்பிப் போ என்று அவள் சொல்லிக்கொண்டே வரட்டும். மீதிச் சுற்றை முன்னால் ஓட்டு. அது கொஞ்ச தூரம்தான், எவ்வளவு கொஞ்சம் என்பதை நீ பார்க்க வேண்டும். இப்போது சுற்றி அவருக்குக் கணக்கில் சேரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். கோபுர வாசலில் வண்டியை நிறுத்தி, உள்கண்ணாடியில் பார்க்காமல், நன்றாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சிடுச்சும்மா, சுத்தி வந்துட்டோம்" என்று சொல். இந்த முறை அது பொய்யாக இருக்காது. நான் கதவைத் திறந்து இறங்கி, வேங்கிக்காலுக்கு பஸ் பிடித்துக்கொள்கிறேன்.

சந்தோஷம் என்று மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே. உனக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பொய்யை உன் அப்பாவே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா